சந்திரனின் அதிர்வு தெரிகிறது; நம் ஊர் அதிர்வு?

பகல் வேளை. கல் குவாரியில் ஊதல் ஊதுகிறார்கள். சிவப்புக் கொடி காட்டுகிறார்கள். மாடு மேய்ப்பவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். சற்று நேரத்தில் 'டமார்' என்று வெடி! ஊருக்குள் வீட்டு அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்கள் கலகலக்கின்றன. தொட்டிலில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு அழுகிறது.

மறுநாள் காலையில் பார்த்தால் சுவரில் ஒரு கீறல்.

"வெடியால் வந்த கீறல் இது" என்கிறார் வீட்டுக்காரர். "இல்லை, பழைய கீறல். அஸ்திவாரம் சரியில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்?" என்கிறார் குவாரிக்காரர். மனு போகிறது. அதிகாரி வருகிறார். சுவரைத் தடவிப் பார்க்கிறார். இரண்டு பேர் சொல்வதையும் எழுதிக்கொண்டு போகிறார். யார் சொல்வது உண்மை? சுவர் வாய் திறந்து பேசாது. வெடியோ கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இது புதிய வழக்கு அல்ல. பாறைகள் நிறைந்த மண் இது. திருமயம், குளத்தூர் தாலுகாக்களில் கல் குவாரிகள் இருக்கின்றன. நாம் வீடு கட்டும் ஜல்லி, ரோடு போடும் ஜல்லி, இப்போது மணலுக்குப் பதிலாக வாங்கும் எம்-சாண்டு எல்லாம் பாறையை உடைத்து வருபவைதான். குவாரியே கூடாது என்று சொல்லிவிட்டுக் கான்கிரீட் வீட்டில் குடியிருக்க முடியாது. அங்கே வேலை செய்து அடுப்பு எரிக்கும் குடும்பங்களையும் மறந்துவிட முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு கருவி இருக்கிறதே, அது ஏன் ஊர் ஜனங்களின் கண்ணில் படுவதில்லை?

பஸ்ஸில் கற்கும் பாடம்

அந்தக் கருவியின் சூட்சுமம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகிறீர்கள். பஸ் திடீரென்று கிளம்பினால் உடம்பு பின்னால் சாய்கிறது. டிரைவர் பிரேக் போட்டால் முன்னால் விழப் பார்க்கிறோம். வளைவில் திரும்பினால் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்கிறோம். பஸ் ஒரே சீராக ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை, கண்ணயர்ந்துவிடுகிறோம். அதாவது, வேகத்தை உடம்பு உணர்வதில்லை. வேகம் மாறுவதைத்தான் உணர்கிறது. வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'முடுக்கம்'. அதை அளக்கும் கருவி முடுக்கமானி.

அதற்குள் என்ன இருக்கிறது? ஒரு சிறு எடை; அதைத் தாங்கும் ஒரு வில். அவ்வளவுதான். பெட்டி அசைந்தால், பஸ்ஸில் நிற்கும் பிரயாணியைப்போல எடை பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்பதை மின்சாரம் மூலம் கணக்கிட்டுக் காட்டும்.

எடை பின்தங்கியதை மின்சாரமாக மாற்றுவதற்குப் பல வழிகள் உண்டு. ஒன்று உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. காஸ் அடுப்பு லைட்டரை அழுத்தினால் 'டிக்' என்று பொறி பறக்கிறதல்லவா? அதற்குள் ஒரு படிகம் இருக்கிறது. அதை அடித்தால், அழுத்தினால், மின்சாரம் பிறக்கும். பிரான்சில் கியூரி சகோதரர்கள், ஜாக், பியர் இருவரும் 1880-ம் ஆண்டில் கண்டுபிடித்த உண்மை இது. முடுக்கமானியில் அந்தப் படிகத்தின்மேல் எடையை வைத்துவிடுகிறார்கள். கருவி அதிர்ந்தால் எடை படிகத்தை அழுத்தும், மின்சாரம் பிறக்கும். பெரிய அதிர்வுக்கு அதிக மின்சாரம், சிறிய அதிர்வுக்குக் குறைந்த மின்சாரம்.

இன்னொரு வகை, சிலிக்கனில் செதுக்கியது. இரண்டு சீப்புகளை எதிரெதிராக வைத்து, ஒன்றின் பற்கள் மற்றதன் பற்களுக்கு நடுவே நுழையும்படி கோத்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட அமைப்பு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. ஒரு சீப்பு அசையும், மற்றது அசையாது. இடைவெளி மாறும்போது மின்சார அளவும் மாறும். உங்கள் கையிலுள்ள செல்போனில் இருப்பது இந்த வகைதான். போனைச் சாய்த்தால் படம் தானாகத் திரும்புவது இதனால்தான். பூமியின் இழுப்பு அந்தக் குட்டி எடையையும் இழுப்பதால், எது கீழ், எது மேல் என்று போனுக்குத் தெரிந்துவிடுகிறது.

மோட்டார் மெக்கானிக் திருப்புளியின் நுனியை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். "பேரிங் போய்விட்டது" என்று சொல்லிவிடுவார். பெரிய ஆலைகளில் அந்த வேலையை இப்போது முடுக்கமானிகள் செய்கின்றன. யந்திரத்தின்மேல் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் காது கொடுக்கின்றன. மோட்டார் காரில் மோதல் நேர்ந்தால் காற்றுப் பையை விரியச் சொல்வதும் இந்தக் கருவியே.

சந்திரனுக்குப் போன கருவி

2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ந்தேதி சந்திரயான்-3 சந்திரனின் தென் துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கை தட்டியது. திட்ட இயக்குநராக இருந்தவர் விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல். அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்த விஷயமே அதிர்வைப் பற்றியதுதான்.

அந்த விண்கலத்தில் 'இல்சா' என்று ஒரு கருவி போயிற்று. சந்திரனின் தரை அதிர்வதை அளப்பது அதன் வேலை. ஆறு முடுக்கமானிகள் சேர்ந்தது அது. பெங்களூரிலுள்ள இஸ்ரோ ஆராய்ச்சிக்கூடத்தில் உருவானது. முன்னே சொன்ன சிலிக்கன் சீப்பு நம் நாட்டிலேயே செய்யப்பட்டு சந்திரனுக்குப் போயிருக்கிறது! 25-ந்தேதி 'பிரக்யான்' வண்டி உருண்டு போனபோது தரையில் எழுந்த அதிர்வை அது பதிவு செய்தது. 26-ந்தேதி இன்னொரு அதிர்வும் பதிவாயிற்று. அது இயற்கையாக எழுந்த அதிர்வுபோல் தோன்றுகிறது என்றும், காரணத்தை ஆராய்ந்து வருவதாகவும் இஸ்ரோ அறிவித்தது.

சுமார் 4 லட்சம் கிலோ மீட்டருக்கு அப்பால், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், ஒரு சிறு வண்டி ஊர்ந்ததற்குக் கணக்கு இருக்கிறது. அறிக்கை வெளியிட்டு ஊருக்கெல்லாம் சொன்னார்கள். நேற்று மத்தியானம் நம் தெருவை உலுக்கிய வெடிக்குக் கணக்கு எங்கே என்று ஒரு கிராமத்துப் பெண் கேட்டால் என்ன பதில் சொல்வது?

சட்டம் சொல்லும் அளவு

அளவு வகுக்கப்படவில்லை என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997-ம் ஆண்டிலேயே ஒரு சுற்றறிக்கையில் வரம்புகளை வகுத்துவிட்டது. கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் எவருக்கும் புரியும்.

வெடி வெடிக்கும்போது மண்ணின் ஒரு துகள் முன்னும் பின்னும் ஆடுகிறது. அப்படி ஆடும்போது அது எட்டும் உச்ச வேகத்தை 'வினாடிக்கு இத்தனை மில்லி மீட்டர்' என்று அளக்கிறார்கள். வினாடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்றும் பார்க்கிறார்கள். குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடுகளில், வினாடிக்கு 8 தடவைக்குக் குறைவாக ஆடும் அதிர்வு என்றால் 5 மில்லி மீட்டரைத் தாண்டக்கூடாது. 8 முதல் 25 தடவை வரை என்றால் 10 மில்லி மீட்டர். 25-க்கு மேல் என்றால் 15 மில்லி மீட்டர். சரித்திரச் சின்னங்களுக்கும் எளிதில் சேதமாகும் கட்டடங்களுக்கும் வரம்பு இன்னும் கடுமை: 2, 5, 10 மில்லி மீட்டர்.

மெதுவாக ஆடும் அதிர்வுக்கு ஏன் குறைந்த வரம்பு? ஊஞ்சல் ஆட்டியவர்களுக்கு இது தெரியும். ஊஞ்சல் வருகிற நேரம் பார்த்து மெல்லத் தள்ளினாலே போதும். உயர உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலமும் வீண். வீட்டுக்கும் அப்படி ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. அது மெதுவான ஆட்டம். வெடியின் அதிர்வும் அதே மெதுவான தாளத்தில் வந்தால் வீடு கூடச் சேர்ந்து ஆடும். சுவர் பிளக்கும் ஆபத்து அப்போதுதான் அதிகம்.

குவாரி அதிர்வை அளக்க வழக்கமாகத் தரையில் வைப்பது முடுக்கமானியின் உடன்பிறப்பு. 'ஜியோபோன்' என்று பெயர். வில்லில் தொங்கும் எடையும், காந்தமும், கம்பிச் சுருளும் கொண்டது. மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் மூன்று திசைகளிலும் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். முடுக்கமானியை வைத்தாலும் கணக்குப் போட்டு அதே வேகத்தை அறியலாம். எதுவானாலும், கருவியோடு தேதி, நேரம், அளவு மூன்றும் பதிவாகும் பெட்டி ஒன்று இருக்கும். அதன் விலை ஒரு டிப்பர் லாரியின் விலையில் சிறு பங்குதான்.

கருவி வீட்டுக்காரருக்கு மட்டும் சாட்சி சொல்லும் என்று எண்ண வேண்டாம். குவாரிக்காரருக்கும் சொல்லும். மனித உடம்பு மிகவும் நுட்பமானது. வினாடிக்கு 1 மில்லி மீட்டருக்கும் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடும். 'வீடே ஆடியது' என்று நாம் பதறும்போது கருவி வரம்புக்கு வெகு கீழே காட்டக்கூடும். ஜன்னல் கண்ணாடியும் பாத்திரமும் கலகலப்பது பல சமயங்களில் மண் அதிர்வால் அல்ல. வெடியின் காற்று வந்து மோதுவதால். வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கும் களிமண்மேல் கட்டிய வீடு, பக்கத்தில் வெடியே இல்லாவிட்டாலும் கீறல் விடும். ஆகவே நேர்மையாகத் தொழில் செய்யும் குவாரிக்காரர் இந்தக் கருவியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சுகிறவர் ஏன் அஞ்சுகிறார் என்பதை ஊர் யோசித்துக்கொள்ளட்டும்.

அளவு அதிகம் என்று தெரிந்தால் குவாரியை மூடிவிட வேண்டும் என்பதும் இல்லை. வெடி வைக்கும் முறையை மாற்றலாம். ஒரே கணத்தில் எவ்வளவு மருந்து வெடிக்கிறது என்பதுதான் முக்கியம். பத்துக் குழிகளும் ஒன்றாக வெடித்தால் அடி பலம். ஒவ்வொரு குழியும் வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு முன்பின்னாக வெடித்தால், காதுக்கு ஒரே வெடிதான். மண்ணுக்குப் பத்துச் சிறு வெடிகள். பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்து 4 மடங்கானால், பழைய அளவு அதிர்வே இருக்க வேண்டும் என்று விரும்பும் வீடு 2 மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மருந்தைப் பிரிக்கலாம்.

கல்வெட்டு சொல்லும் செய்தி

வீடுகளுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புதுக்கோட்டைச் சீமையில் பாறை என்றால் வெறும் ஜல்லி அல்ல. சித்தன்னவாசலில் பாறையைக் குடைந்த கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்கள். மீனும், அன்னமும், பூப்பறிக்கும் மனிதரும் 1,000 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறார்கள். அந்தச் சித்திரம் நிற்பது பாறைமேல் பூசிய மெல்லிய சுண்ணாம்புப் பூச்சில். அது ஏற்கெனவே பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததை எந்தச் சித்திரக்காரரும் திரும்பக் கொண்டுவர முடியாது. குடுமியான்மலையில் சங்கீத சாஸ்திரத்தையே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதிர்வு மீட்டர் நாடாவைப் பார்த்து நின்றுவிடாது. எவ்வளவு மருந்து, எப்படிப்பட்ட பாறை என்பதைப் பொறுத்து நெடுந்தூரமும் போகும்.

நார்த்தாமலையில் விஜயாலய சோளீச்சுரம் என்ற கற்றளி இருக்கிறது. பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலமலைமேல் தனியாக, அழகாக நிற்கும். அங்கே உள்ள கல்வெட்டு ஒரு சிறு செய்தியைச் சொல்கிறது. சாத்தன் பூதி என்பவன் எடுத்த கோயில் மழையால் சிதைந்துபோயிற்று. மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான். எவன் கட்டினான், எதனால் கெட்டது, எவன் சரி செய்தான் என்று மூன்றையும் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். கருவி எதுவும் இல்லாத அந்தக் காலத்தில் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இன்று கருவி இருக்கிறது. அந்தக் கருவி காட்டியதை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டக்கூடாதா?

பாம்பன் வழி

கருவி சொன்னதைக் கேட்டு நடந்த உதாரணம் நம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. பாம்பன் ரயில் பாலம் 1914-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1964-ம் ஆண்டுப் புயலில் அது பட்ட பாட்டைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். உப்புக் காற்றில் 100 ஆண்டுகளுக்கு மேல் நின்ற இரும்பு அது. கப்பலுக்கு வழிவிடத் தூக்கித் திறக்கும் பகுதியில் சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் உணர்கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். 2022-ம் ஆண்டு டிசம்பரில் அவை அபாய அறிவிப்புக் கொடுத்தன. ரயில்வே என்ன செய்தது? ரயிலை நிறுத்தியது. ராமேசுவரம் யாத்ரீகர்களுக்குச் சிரமந்தான். மண்டபத்தில் இறங்கி பஸ்ஸில் போனார்கள். பழைய பாலத்தில் பிறகு பிரயாணிகள் ரயில் ஓடவே இல்லை. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. ஒரு முள் அசைந்ததை மதித்து இத்தனையும் செய்தார்கள். பாலம் சர்க்கார் சொத்து. சுவர் ஓர் ஏழையின் சொத்து. இரண்டுக்கும் ஒரே மரியாதை வேண்டும் என்று கேட்பது பெரிய ஆசையா?

ஆகவே மாவட்ட நிர்வாகத்தை நாம் கேட்பது இதுதான். எந்தக் குவாரியில் வெடி வைத்தாலும், அதற்கு மிக அருகே இருக்கும் குடியிருப்பில் ஓர் அதிர்வுக் கருவி இருக்கட்டும். பக்கத்தில் பழமைச் சின்னம் இருந்தால் அங்கேயும் ஒன்று. கருவி குவாரிக்காரரின் கொட்டகையில் இருந்தால் பயன் இல்லை. பஞ்சாயத்துக் கட்டடத்திலோ பள்ளிக்கூடத்திலோ, தரையோடு நன்றாகப் பிடித்திருக்கும்படி வைக்க வேண்டும். லேசாக வைத்தால் கருவியே துள்ளும், கணக்குத் தப்பும். ஆண்டுதோறும் கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆள் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. திருச்சிக்கு அருகே துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மாணவர்களுக்கு இது நல்ல களப்பாடம்.

வெடி வைத்த அன்று மாலையே அளவு அறிவிப்புப் பலகையில் ஏற வேண்டும். தேதி, நேரம், அளவு, வரம்பு என்று நான்கே வரி போதும். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் 5 பெரிதா, 7 பெரிதா என்று தெரியும். கிராம சபை கூடும்போது அந்த மாதங்களின் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். குத்தகை புதுப்பிக்கும் சமயத்தில் அந்தக் கணக்கையே முதலில் எடுத்து வைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. குத்தகை நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் ஆயிற்று.

"செல்போனிலேயே அந்தக் கருவி இருக்கிறது என்றீர்களே, அதிலேயே அளந்துவிடலாமே?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அளந்து பார்க்கலாம், தவறில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் ஆவலோடு பார்ப்பார்கள். ஆனால் போன் மேசைமேல் வழுக்கும், தாவும். அதன் கணக்கை எந்த அதிகாரியும் சாட்சியாக ஏற்கமாட்டார். ஒரு சந்தேகத்தைக் கிளப்ப உதவும். வழக்கை முடிக்க உதவாது.

கருவி வரும்வரை வீட்டுக்காரர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கொத்தனார்களுக்குத் தெரிந்த பழைய முறை ஒன்று உண்டு. சுவரில் கீறல் இருந்தால், அதற்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளையும் சிமெண்டால் பூசிவிடுங்கள். பூச்சின்மேல் அன்றைய தேதியை ஆணியால் கீறி வையுங்கள். கீறல் வளராவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். வளர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்த தேதியையும், அன்று வெடி எத்தனை மணிக்கு என்பதையும் வீட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குவாரி திறக்கப்போகிறது என்று கேள்விப்பட்டால், முதல் வெடிக்கு முன்பே வீட்டின் நான்கு சுவர்களையும் படம் பிடித்து, அக்கம்பக்கத்தார் இருவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஒரு பிரதியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.